நிஞ்ஜா கைடன் 2: கை வேகம் போதவில்லையா என்று கேட்ட தம்பிக்கு

கீழக்கரையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டிருப்பது பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருக்கிறது. துபாயிலிருந்து ஊருக்கு வந்த மச்சான் ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் நிஞ்ஜா கைடன் 2 ஆடப்போய் முதல் இரண்டு அத்தியாயத்துக்குள்ளேயே நாற்பது ஐம்பது தடவை செத்தாயிற்று. கை, கால் வெட்டுப்பட்டுக் கிடக்கிறவன்கூட மேலே விழுந்து வெடிக்கிறானே, கேம் ஏமாற்றுகிறதா என்பது ஒன்று. 2008இல் வந்ததை ஆடுவதா, புதிதாக வந்திருக்கும் பிளாக் பதிப்பை ஆடுவதா என்பது இரண்டு. நிஞ்ஜா என்றால் ஒளிந்து மறைந்து போக வேண்டியவன்தானே, இவன் ஏன் நட்டநடுவில் நின்று சண்டை போடுகிறான் என்பது மூன்று. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எனக்குக் கை வேகம் போதவில்லையோ என்று தோன்றுகிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை வேகம் போதும். உங்கள் கண் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் நான் சொல்வதில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். தங்கச்சிமடம் எனக்குச் சொந்த ஊர். ராமநாதபுரம் டவுனில் ஏழு வருஷம் ஒரு கேம் சென்டர் நடத்தினேன், நாலு டிவி, நாலு பெட்டி, ஒரு இன்வெர்ட்டர். போனிலேயே எல்லாரும் ஆட ஆரம்பித்த பிறகு கடையை மூடிவிட்டு, இப்போது கன்ட்ரோலர், கன்சோல் பழுது பார்க்கிறேன். இந்தக் கேமை 2008 பதிப்பில்தான் அதிகம் ஆடியிருக்கிறேன். அகோலைட், வாரியர், மென்டர், மாஸ்டர் நிஞ்ஜா என்று நான்கு கடினப் படிகள் அதில் உண்டு. மூன்றாவது படிவரை முடித்தவன் நான். மாஸ்டர் நிஞ்ஜாவில் பாதியில் கையைத் தூக்கிவிட்டேன். ஆகவே அந்த உச்சப் படியைப் பற்றி நான் பேசினால் அரை நம்பிக்கையோடுதான் கேட்க வேண்டும். மற்றதில் எனக்குத் தயக்கமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிஞ்ஜா கைடன் 2 என்ற பெயரில் வெவ்வேறான இரண்டு இரண்டாம் பாகங்கள் இருக்கின்றன. டெக்மோ நிறுவனம் 1990இல் நின்டெண்டோவின் பழைய 8 பிட் பெட்டிக்கு வெளியிட்டது ஒன்று. நம் வயசுக்காரர்கள் டிவி கேம் கேசட்டில் பார்த்தது அதைத்தான். ஹீரோ பின்னாலேயே அவன் நிழல் மாதிரி இரண்டு உருவம் வரும், அவன் வெட்டினால் அதுவும் வெட்டும். சுவரில் மேலும் கீழும் ஏறி இறங்கலாம், முதல் பாகத்தில் அது முடியாது. பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும்போது சரியாக ஒரு பறவை வந்து முட்டித் தள்ளிவிடும். அந்தப் பறவையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் ஆடுவது அதே பெயரில் 2008 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த முப்பரிமாணக் கேம். டெக்மோவின் டீம் நிஞ்ஜா குழு செய்தது, இயக்கியவர் டோமோனொபு இடகாகி. இது 2004இல் வந்த நிஞ்ஜா கைடனுக்குத் தொடர்ச்சி. இணையத்தில் உதவி தேடும்போது இந்த இரண்டும் கலந்து வரும், கவனம்.

சரி, சண்டைக்கு வருவோம். 2004இன் முதல் பாகத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சாவு நின்றுவிடும். முதல் பாகத்தில் எதிரி அடி வாங்கி வாங்கிச் செத்துப்போவான், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் எதிரிக்கு உறுப்பு போகும். நீங்கள் சரமாரியாக வெட்டும்போது ஒருவனுக்குக் கை போகும், இன்னொருவனுக்குக் கால் போகும். சாதாரணமாக எந்தக் கேமிலும் கை போனவன் பலவீனமானவன். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முழு உடம்போடு நிற்கிறவன் பக்கம் திரும்புவோம். இங்கே அது தலைகீழ். உறுப்பு போனவன் தற்காப்பை விட்டுவிடுகிறான். இனி அவனுக்கு உயிர் பொருட்டில்லை. கால் போனவன் தரையில் ஊர்ந்து வந்து உங்கள் காலைப் பிடித்து, தன்னிடம் உள்ள வெடியோடு சேர்த்து வெடிக்கிறான். ஒரு முழு எதிரி மூன்று வெட்டில் எடுக்கும் உயிரைவிட இந்தப் பாதி எதிரி ஒரே பிடியில் எடுப்பது அதிகம். அது கேமின் ஏமாற்று வேலை இல்லை, சட்டமே அதுதான். என்ன, அந்தச் சட்டத்தை யாரும் உங்களுக்கு வாயால் சொல்லித் தருவதில்லை.

கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. விசைப்படகில் வலையைத் தட்டில் கொட்டியதும் நடுவில் ஒரு திருக்கை கிடந்தால் அனுபவக்காரன் முதலில் என்ன செய்வான்? இறாலைப் பொறுக்க மாட்டான். திருக்கையின் வாலை முதலில் வெட்டிக் கடலில் எறிவான். கடலுக்குள் நீந்தும் திருக்கை பெரும்பாலும் உங்களைக் கண்டால் விலகிப் போகும். தட்டில் மூச்சுக்குத் தவித்துக் கிடக்கும் திருக்கைதான் வாலைச் சுழற்றும். அந்த முள் காலில் ஏறினால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்த வேண்டியதுதான். கால் போன நிஞ்ஜா தட்டில் கிடக்கும் திருக்கை.

அதனால்தான் கேமை எழுதியவர்கள் கூடவே ஒரு கத்தியையும் கொடுத்திருக்கிறார்கள். உறுப்பு போனவன் பக்கத்தில் போய் வலுவான அடிக்கான பட்டனை, எக்ஸ்பாக்ஸில் ஒய், ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். நம் ஹீரோ ரியூ அவனை ஒரே வீச்சில் முடித்துவிடுவான். கூட்டமே சுற்றி நின்றாலும் அந்த முடிக்கும் வீச்சு நடக்கும்போது பெரும்பாலும் உங்கள் மேல் அடி விழாது. ஆக அதற்கு இரண்டு பயன்: ஒரு வெடிகுண்டு குறைகிறது, உங்களுக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒருவனை வெட்டிவிட்டு உடனே அடுத்தவனை நோக்கிப் பாய்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தப் பழக்கத்தை மட்டும் திருப்புங்கள். யாருக்கு உறுப்பு போயிருக்கிறது என்பதைத்தான் கண் முதலில் தேட வேண்டும். முழு ஆள் காத்திருப்பான்.

கடையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் விசைப்படகு கரையேறிவிடும், மண்டபம் பக்கத்துப் பையன்கள் பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவார்கள். அதில் ஒருவன் அதற்கு முன்னால் கன்ட்ரோலரையே கையில் பிடித்ததில்லை. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் அழுத்துவான். எங்கள் காலேஜ் பையன்கள் பட்டனைப் பார்க்காமல் மின்னலாக அழுத்துவார்கள், இவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் முதல் அத்தியாயத்தை இவன் முடித்துவிட்டான், அவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கேயே நின்றார்கள். என்னடா செய்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை, துடிக்கிறதை முதலில் அடிக்கிறான். அவ்வளவுதான். திருக்கை உவமை என்னுடையது இல்லை, அவன் சொன்னது. நான் இத்தனை வருஷமாக வாடகை இல்லாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயம், நீங்கள் தடுப்புப் பட்டனைப் பிடித்தபடியே நிற்பது. தடுப்பு நல்லதுதான், இந்தக் கேமில் பல அடிகளை அது தாங்கும். ஆனால் எதிரி உங்களைக் கட்டிப் பிடித்துத் தூக்கி எறிவதைத் தடுக்காது, வெடிக்கும் ஆயுதங்களுக்கு முன்னால் அதை நம்பி நிற்கவும் முடியாது. தடுத்துக்கொண்டே நிற்கிறவனைத் தேடி வந்துதான் பிடிப்பார்கள். ஆகவே தடுப்பு என்பது தங்குமிடம் இல்லை, படிக்கட்டு மாதிரி, கால் வைத்து அடுத்ததுக்குப் போக வேண்டும். தடுப்பைப் பிடித்தபடி கன்ட்ரோலரின் இடது குச்சியை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள், ரியூ சட்டென்று அந்தப் பக்கம் விலகுவான். வெட்டு, விலகல், வெட்டு, குதி என்று போக வேண்டும். சின்ன வயசில் எனக்குக் கம்பு சொல்லிக்கொடுத்த வாத்தியார் முதல் மூன்று மாசம் கையில் கம்பே தரவில்லை, வெறும் காலடி வரிசைதான். அடித்த இடத்தில் நின்றால் பின்னங்காலில் அவரே தட்டுவார். அந்தத் தட்டல் இந்தக் கேமில் எனக்கு வேறு எதையும்விட உதவியது. கேமில் லூனார் ஸ்டாஃப் என்று ஒரு கம்பு கிடைக்கும், சந்திர தண்டம் என்று சொல்லலாம், அதைச் சீக்கிரம் எடுத்துப் பழகிப் பாருங்கள். வீச்சு அகலம், கூட்டத்தை எட்ட நிறுத்தும். உறுப்பை வெட்டுவதுதான் நோக்கமென்றால் கையில் மாட்டும் நகங்களும் இரட்டை வாளும் அதில் கைதேர்ந்தவை. பிற்பாடு கிடைக்கும் பெரிய அரிவாள் மெதுவானது மாதிரித் தெரியும், விழுந்தால் சேதம் பெரிது.

ஒரு வெட்டு வரிசை முடிந்ததும் ரியூ ஒரு கணம் வாளைத் திருப்பி நிமிர்வான். அந்தக் கணத்தில்தான் பலர் அடி வாங்குகிறார்கள். வரிசையின் கடைசியில் ஷுரிகன் என்ற எறிநட்சத்திரம் ஒன்றை வீசிவிட்டால் அந்த நிமிர்வு நேரம் அறுந்துபோகும், உடனே விலகலாம், குதிக்கலாம். ஷுரிகனால் எதிரிக்குப் பெரிதாக வலிக்காது, அதை எதிரிக்காக வீசவில்லை, நமக்காக வீசுகிறோம். இது கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். இதை மட்டும் வேகம் சம்பந்தப்பட்டது என்று ஒத்துக்கொள்கிறேன்.

இனி எல்லாவற்றையும்விட ருசியான பகுதி. செத்தவர்களிடமிருந்து வண்ண வண்ணமாக ஒளிப்பந்து மிதக்குமே, மஞ்சள் என்றால் கடைக்காசு, நீலம் என்றால் உயிர், சிவப்பு என்றால் நிஞ்ஜா மந்திரத்துக்கான சக்தி. நீங்கள் சும்மா நின்றால் அவை தானாக உங்களிடம் வந்து சேரும். ஆனால் அவை மிதக்கும் நேரத்தில் ஒய் பட்டனை அழுத்திப் பிடித்தால், ரியூ அவற்றை உறிஞ்சி ஒரே கணத்தில் பேரடிக்குத் தயாராகிவிடுவான். பந்து இல்லாமல் பிடித்தால் நீண்ட நேரம் அசையாமல் நிற்க வேண்டும், அதற்குள் நாலு பேர் குத்திவிடுவார்கள். பேரடி நடக்கிறவரை உங்களை யாரும் தொட முடியாது, சுற்றி நிற்கிறவர்களுக்கு உறுப்பு போகும். இப்போது சேர்த்துப் பாருங்கள்: உறுப்பு போனவனை முடிக்கிறீர்கள், பந்து வருகிறது, உறிஞ்சிப் பேரடி, அதில் இன்னும் இரண்டு பேருக்கு உறுப்பு போகிறது, அவர்களை முடிக்கிறீர்கள், மறுபடி பந்து. சண்டை தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போகும். நன்றாக ஆடுகிறவர்களைக் கவனியுங்கள், குதித்து இறங்கும் அந்தத் தறுவாயில்தான் ஒய்யைப் பிடிப்பார்கள், தரையில் கால் பட்டதும் பேரடி கிளம்பிவிடும். கச்சான் காற்றில் பாய் விரித்த வத்தைப் படகு மாதிரி, ஒருமுறை பிடித்துவிட்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். பிடிக்கிறவரைதான் கஷ்டம்.

உயிர் அளவைப் பற்றியும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சண்டை முடிந்ததும் உயிர் தானாக ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறும், முழுக்க ஏறாது. வாங்கிய அடியில் ஒரு பங்கு நிரந்தரக் காயமாக நின்றுவிடும், அளவுகோலின் அந்தப் பகுதி சிவந்துபோய் ஏறாமலே இருக்கும். அடுத்தடுத்த சண்டைக்கு அந்தக் குறைந்த உயிரோடுதான் போக வேண்டும். சேமிக்கும் டிராகன் சிலையை முதல் தடவை தொடும்போது முழுக்க நிறையும், இல்லையென்றால் மருந்தைச் செலவழிக்க வேண்டும். ஆகவே மருந்தைச் சண்டையின் நடுவில் பயந்து குடிக்காதீர்கள். சிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதுவரை இழுத்துக்கொண்டு போங்கள். மந்திரத்தைச் சேர்த்துவைத்துக் கிழவியின் சுருக்குப்பை மாதிரி முடிந்துகொள்ளவும் வேண்டாம். மந்திரம் போடும் அந்த நேரம் உங்கள் மேல் அடி விழாது, உயிர் போகப்போகிறது என்று தெரிந்தால் அதுதான் கடைசிக் கயிறு.

கேம் ஏமாற்றுகிறதா என்றால், சில இடங்களில் ஆமாம் என்றுதான் சொல்வேன். கேமரா மோசம். சுவரோரம் போனால் எதிரியைக் காட்டாமல் சுவரைக் காட்டும். திரைக்கு வெளியே நிற்கிறவன் வெடி ஷுரிகன் எறிவான், பின்னால் வரும் அத்தியாயங்களில் ராக்கெட்டே விடுவார்கள். பார்க்காத அடியைத் தடுக்க முடியாது. இதற்கு நல்ல ஆட்டக்காரனிடமும் முழு மருந்து கிடையாது. கன்ட்ரோலரின் பின்பக்க வலது பட்டனான டிரிகரைத் தட்டித் தட்டிக் கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்துகொண்டே இருக்கலாம், மூலையை விட்டு வெளியே வந்து சண்டை போடலாம், அவ்வளவுதான். அதே கேமில் ஒரு நீண்ட படிக்கட்டு வரும், நிஞ்ஜாக்கள் டஜன் கணக்கில் மேலிருந்து இறங்கி வருவார்கள். 360இல் அந்த இடத்தில் படம் தேங்காய் எண்ணெய் உறைந்த மாதிரி மெதுவாகிவிடும், இயந்திரத்தால் அத்தனை பேரைத் தாங்க முடியாது. என் கடையில் அந்தப் படிக்கட்டு வந்தால் மற்ற மூன்று டிவிக்காரர்களும் எழுந்து வந்து நிற்பார்கள். குறையென்று பார்த்தால் குறை. அப்படி ஒரு சண்டையை வைக்கத் துணிந்ததற்கு எனக்கு மரியாதைதான்.

இப்போது கை வேகம். இந்தக் கேம் செகண்டுக்கு 60 படம் என்ற கணக்கில் ஓடும்படி செய்யப்பட்டது, ஒரு படத்துக்கு ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். கண்ணால் பார்த்து விரல் அழுத்த மனுஷனுக்குச் சாதாரணமாகக் கால் செகண்ட், அதாவது 250 மில்லி செகண்ட் அளவில் ஆகும். உங்களுக்கும் எனக்கும் அதில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் டிவியில் இருக்கலாம். இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கின்றன, சிலவற்றில் அந்தத் தாமதம் 100 மில்லி செகண்டைக்கூடத் தொடும். நீங்கள் பார்ப்பது எதிரி ஆறு படத்துக்கு முன்னால் செய்ததை. டிவி செட்டிங்கில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறிப்போன மாதிரித் தெரியும், பரவாயில்லை. ஹோம் தியேட்டர் பெட்டி வழியாக இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக டிவியில் குத்துங்கள். என்னிடம் "கை ஸ்லோ" என்று சொல்லி வந்தவர்களில் பலருக்கு நான் செய்த வைத்தியம் இது ஒன்றுதான்.

இன்னொன்று, ரியூ சிலசமயம் நான் தள்ளாமலே நகர்கிறான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது குச்சியின் கோளாறு. கடலோர வீட்டில் உப்புக் காற்றுதான் காரணம் என்று ஊரே சொல்லும். இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது பாதி, மீதி ஊகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். நம் ஊரில் அந்த ஈரப்பதம் தாண்டாத ராத்திரி எத்தனை? கன்சோலுக்குள் விசிறி இழுக்கும் காற்றோடு இந்த உப்பும் போகிறது, டிவி கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ துளையில் பச்சை பூத்ததை நானே பலமுறை சுரண்டி எடுத்திருக்கிறேன். இதெல்லாம் நிச்சயம். ஆனால் குச்சிக்குள் இருப்பது ஒரு கரித்தடமும் அதன் மேல் உரசும் ஒரு சின்ன உலோக நாக்கும். அது ஆட ஆடத் தேய்வதுதான். உங்கள் குச்சி உப்பால் கெட்டதா தேய்மானத்தால் கெட்டதா என்று திறந்து பார்க்காமல் சொல்கிறவனை நம்பாதீர்கள், நான் உட்பட. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுக் குச்சியைச் சுழற்றிப் பாருங்கள், சரியாகிவிட்டால் அழுக்கு. இரண்டு நாளில் திரும்ப வந்தால் தேய்மானம், மாற்றத்தான் வேண்டும். கன்சோலைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். அணைத்த பிறகு சூடு ஆறியதும் துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது மூடிவிடாதீர்கள்.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். 2008 கேம் வந்த அதே சமயத்தில் இடகாகிக்கும் டெக்மோவுக்கும் தகராறு முற்றி அவர் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். 2025 அக்டோபரில் காலமானார். அவர் போன பிறகு யோசுகே ஹயாஷி பொறுப்பில் 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு சிக்மா 2 வந்தது. அதில் எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஒவ்வொருவனுக்கும் உயிரைக் கூட்டினார்கள், ரத்தத்துக்குப் பதில் ஊதாப் புகை விட்டார்கள், அயானே, மொமிஜி, ரேச்சல் என்று மூன்று பெண்களை ஆட வைத்தார்கள். சுதந்திரதேவி சிலையே எழுந்து வந்து சண்டை போடும் ஒரு காட்சியும் உண்டு, எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். 2021இல் எல்லாப் பெட்டிகளுக்கும் தொகுப்பாக வந்ததும் இந்த சிக்மா வடிவம்தான், மூல கேம்களின் நிரல் முழுசாக மிஞ்சவில்லை என்று டீம் நிஞ்ஜாவே சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரி 23 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்த பிளாக் பதிப்பு அன்ரியல் 5 என்ற கேம் செய்யும் மென்பொருளில் புதிதாக வரைந்தது. ரத்தமும் உறுப்பு வெட்டும் திரும்ப வந்திருக்கின்றன, மூன்று பெண்களும் இருக்கிறார்கள், சிரமப்படுகிறவர்களுக்குக் கைகொடுக்க ஹீரோ என்ற ஒரு ஆட்ட முறையும் இருக்கிறது. ஆனால் கூட்டம் 2008 அளவுக்கு இல்லை.

என் தீர்ப்பு ஒருபக்கச் சார்பானது, முதலிலேயே சொல்லிவிட்டேன், நான் வளர்ந்தது 2008இல். உங்கள் சீரிஸ் எஸ்ஸில் அந்தப் பழைய கேமும் ஓடும், படிக்கட்டில் 360 பட்ட பாடும் அதில் இருக்காது. ஆகவே கற்றுக்கொள்ள 2008, கண்ணுக்கு விருந்தாக பிளாக். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், மேலே சொன்ன உறுப்புச் சட்டமும் பேரடிச் சங்கிலியும் முழு வேகத்தில் ஓடுவது 2008இல்தான், கூட்டம் இருந்தால்தானே அது ஓடும். பிளாக்கை வாங்கிவிட்டேன் என்றால் வருத்தப்படவும் வேண்டாம், இதே பழக்கம் அங்கேயும் அப்படியே செல்லும். கடினப் படியைப் பொறுத்தவரை அகோலைட்டில் தொடங்குவது அவமானமில்லை. ஆனால் அங்கே எதிரிகள் அவ்வளவு மூர்க்கமாக வருவதில்லை, திருக்கையைப் பற்றிக் கவலைப்படாமலே முடித்துவிடலாம், அந்தத் தப்பான பழக்கம் அப்புறம் உங்களை வாரியரில் கொல்லும். கொஞ்சம் செத்தாலும் வாரியரிலேயே இருங்கள் என்பேன்.

ஒளிந்து போகும் நிஞ்ஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் எண்ணம் சரித்திரப்படி சரி. ஜப்பானில் இகா, கோகா பக்கத்து ஷினோபிகள், அதாவது நிஞ்ஜாக்கள், முக்கியமாக உளவுக்காரர்கள், ஆள் தெரியாமல் வந்து போவதுதான் தொழில். அந்த வகைக் கேம் வேண்டுமென்றால் 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டென்சுவும் அதன் அடுத்த பாகங்களும் இருக்கின்றன, கூரை மேல் பதுங்கிக் காவலன் திரும்பும்வரை காத்திருக்கலாம். ரியூ ஹயபூசா அந்தத் தொழிலில் இல்லை. கறுப்புச் சிலந்திக் குலத்தையும் பிசாசுகளையும் டோக்கியோ நடுவிலேயே ஒளிவுமறைவில்லாமல் வெட்டிக்கொண்டு போகிறவன் அவன். அவனை நிஞ்ஜா என்பதைவிட ஊர்க்காவல் தெய்வம் என்று வைத்துக்கொண்டால் கேம் இன்னும் நன்றாகப் புரியும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள். இது பெரியவர்களுக்கான கேம். ஜெர்மனியில் 2008 பதிப்புக்கு வயதுச் சான்றே கொடுக்க மறுத்துவிட்டார்கள். என் கடையிலும் மீசை முளைக்காதவனுக்கு இந்த டிஸ்க்கை நான் போட்டுத் தந்ததில்லை.

இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். கேம் மோடைப் போட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் மூன்று சண்டையில் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று எண்ணாதீர்கள். உறுப்பு போனவர்களில் எத்தனை பேரை ஒய் அழுத்தி முடித்தீர்கள், எத்தனை பேர் உங்கள் மேல் வந்து வெடித்தார்கள், இந்த இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு இங்கேயே பதில் போடுங்கள், குச்சியைத் திறந்து பார்த்தீர்களா என்பதையும் சேர்த்து.